கருடன் உட்கார்ந்த மரம்

வீரம்மா அத்தையின் கோழிகளுக்கு உலகத்தில் உட்கார வேறு இடமே கிடைக்கவில்லை. பொழுது சாய்ந்தால் போதும், ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் வாசலில் அடுக்கியிருக்கும் விறகின் மேல் ஏறி அடைந்துவிடும். விடிந்து பார்த்தால் விறகெல்லாம் எச்சம். பாப்பாவின் துணி காயும் கயிற்றைக்கூட அவை விட்டுவைக்கவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று எங்கள் லயத்து வீட்டு வரிசையில் எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் காலையில் அது வாய்க்கு வந்துவிட்டது.

“ஒங்க கோழிக்கு ஒக்கார வேற எடமே இல்லியா அத்த?”

“றெக்க இருக்கறது நெனச்ச எடத்துல ஒக்காரும். ஒனக்கும் இருந்தா நீயும் போய் ஒக்காரு. யாரு வேணாங்கறா?”

அதோடு பேச்சு நின்றது. அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை, அடுத்த காம்பராக்காரி. தனியாக இருப்பவள். நடுவில் ஒரு சுவர்தான், அவள் இருமினால் என் வீட்டுப் பாத்திரம் அதிரும். ஆனாலும் குழாயடியில் பார்த்தால் அவள் அந்தப் பக்கம் திரும்புவாள், நான் இந்தப் பக்கம் திரும்புவேன். மானம் ரோஷம் எல்லாம் எங்களுக்கும் உண்டு.

அந்த நேரம் பார்த்து, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் இரண்டு குழந்தைகளுக்கு அம்மை போட்டுவிட்டது. கதவைப் பூட்டி வேப்பிலை சொருகிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் யோகேஸ்வரன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக்கடையில் வேலை செய்கிறார். பாப்பாவைப் பார்த்துக்கொள்ள லயத்தில் ஆள் கிடையாது. தவழ ஆரம்பித்திருந்தாள், தனியாகப் போட்டுவிட்டுப் போகவும் முடியாது. வேலைக்கு முகம் காட்டாமல் இருக்கவும் முடியாது. முதுகில் பாப்பாவைக் கட்டிக்கொண்டு, கையில் கூடையைத் தூக்கிக்கொண்டு, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றேன்.

கங்காணி பொன்னையா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மலைக்கு வந்திருக்கியா, திருவிழாவுக்கு வந்திருக்கியா?”

“பிள்ளைக்காம்பராவத் தொறந்து விடுங்க, அங்க விட்டுட்டு வாறேன்.”

அவர் என் பேரைப் பதிந்துகொண்டார். அவருக்கும் பேரப்பிள்ளைகள் உண்டு.

அன்று எங்களுக்கு ஏழாம் நம்பர் மலை. அக்கரப்பத்தனைப் பக்கத்தில் அதைவிடச் செங்குத்தான மலை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஒரு காலைத் தேயிலைச் செடியின் தூரில் முட்டுக்கொடுத்து, மறுகாலை மண்ணில் அழுத்தி, இடுப்பைச் செடியில் சாய்த்துக்கொண்டுதான் கொழுந்து எடுக்க வேண்டும். ரோட்டில் போகும் பஸ்ஸில் இருந்து பார்த்தால் நாங்கள் செடி மேல் உட்கார்ந்திருக்கும் கொக்குகள் மாதிரி தெரிவோமாம், போட்டோ எடுப்பார்கள். கொக்குக்கு றெக்கை உண்டு. எங்களுக்குக் கால் வழுக்கினால் கீழே மழைத்தண்ணீர் ஓடும் கான் வரைக்கும் உருள வேண்டியதுதான்.

பாப்பாவை எங்கே விடுவது? தரையில் விட்டால் அட்டை. பாறையில் கிடத்தினால் உருண்டுவிடுவாள். முதுகில் வைத்துக்கொண்டு இந்தச் சரிவில் நிற்கவும் பயமாக இருந்தது. மலை உச்சியில் பெரிய வாகை மரம் ஒன்று இருக்கிறது. அதன் கிளைகளில் ஒன்று ஆள் எட்டும் உயரத்துக்கு வளைந்து கிடக்கும். அதில் தொட்டில் கட்டலாமா என்று நின்றேன். பனிமூட்டம் மரத்தின் பாதிக்கு மேல் மூடியிருந்தது. காய்ந்த கொப்பு ஒன்று மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பெரிய பறவை ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

முதலில் பார்த்தது வீரம்மா அத்தைதான். கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“கருடாழ்வாரு. தலையும் நெஞ்சும் வெள்ளையா இருக்கு பாருங்க. காலங்காத்தால தரிசனம் குடுக்கிறாரு.”

அவள் போட்டால் மற்றவர்கள் விடுவார்களா? நிரையில் நின்ற அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். என் கையும் தானாகப் போய் வந்தது. இசபெல் மட்டும் கூடைக்கயிற்றைச் சரி செய்தபடி நின்றாள். அவள் மாதா கோயில்காரி, என் கூட்டாளி.

“எனக்கு அது பருந்து மாதிரிதான்டி தெரியுது,” என்றாள் என் காதோடு.

எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. கருடன் மேலே வட்டம் போடும், நாம் பார்த்து முடிப்பதற்குள் போய்விடும். இது எதையோ எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருந்தது. ஆனால் அதை நான் வாய்விட்டுச் சொல்வதற்குள் வீரம்மா அத்தை தன் பையில் இருந்து பழைய சேலை ஒன்றை எடுத்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல், கிளையில் அதைப் போட்டு, இரண்டு முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்தாள். அப்புறம் என் முதுகில் இருந்த பாப்பாவுக்குக் கையை நீட்டினாள்.

“சாமியே காவல் இருக்காரு. கொண்டா இங்க.”

அவள் அந்தச் சேலையை வீட்டில் இருந்தே கொண்டுவந்திருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. கோழிச் சண்டைக்கு அவள் கொடுத்த பதில் அது. நானும் பாப்பாவை அவிழ்த்துக் கொடுத்தேன். தொட்டிலில் போட்டதும் பாப்பா மேலே பார்த்துச் சிரித்தாள்.

“பொலியோ பொலி,” என்று கங்காணி முதல் பிடி கொழுந்துக்குக் குரல் கொடுத்தார். நாங்களும் திருப்பிச் சொல்லிவிட்டு நிரையில் இறங்கினோம்.

தேத்தண்ணி நேரத்துக்கு மேலே ஏறிப் போய்ப் பாப்பாவுக்குப் பால் கொடுத்தேன். மரத்தடியில் உட்கார்ந்திருக்கும்போது எங்கோ இருந்து ஒரு இரைச்சல் கேட்டது, மெல்லிசாக, விடாமல். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் மெஷின் ஓடுகிறது என்று நினைத்தேன். பாப்பா தூங்கியதும் தொட்டிலில் போட்டுவிட்டு என் நிரைக்கு இறங்கிவிட்டேன்.

பாதி நிரை வந்திருப்பேன். காற்று திரும்பியது. முகத்தில் வெயில் பட்டது. அந்த மெஷின் சத்தத்தைத் தேடிக் காது போனது, கேட்கவில்லை. ஸ்டோர் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, இங்கே அதன் சத்தம் என்றைக்குமே கேட்டதில்லை. அப்படியானால் மரத்தடியில் கேட்டது என்ன? நிமிர்ந்து பார்த்தேன். பனி விலகி மரம் முழுசாக வெளியே நின்றது.

தொட்டில் தொங்கிய கிளைக்கு நேர் மேலே, தடித்த கொப்பின் அடியில், சுளகு அகலத்துக்குக் கறுப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல்தோல் அலை அலையாக நெளிந்தது.

குளவிக்கூடு.

கொழுந்து பிடித்திருந்த கை அப்படியே நின்றுவிட்டது. தோட்டத்தில் பிறந்தவளுக்குக் குளவியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். போன வருசம் அடுத்த டிவிசனில் ஒரு ஆள் ஓடி ஓடியே செத்தான். பெரிய ஆளுக்கே அந்தக் கதி. பாப்பாவின் முகம் என் உள்ளங்கை அளவுதான் இருக்கும்.

அந்தப் பறவை இப்போது காய்ந்த கொப்பில் இல்லை. ஒரு கொப்பு கீழே இறங்கி, கூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கூட்டையே பார்த்தது. அது கருடனும் இல்லை, காவலும் இல்லை. குளவிக்கூட்டைப் பிய்த்துத் தின்கிற பருந்து. பனி எப்போது விலகும் என்று விடிந்ததில் இருந்து காத்திருக்கிறது. அதன் சாப்பாட்டுக்குக் கீழேதான் நாங்கள் கும்பிட்டுத் தொட்டில் கட்டியிருந்தோம்.

இசபெல் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே பார்த்தாள். நெஞ்சில் சிலுவை போட்டாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளும் பார்த்தாள். நிரை நிரையாகக் கைகள் நின்றன. மலையே சத்தம் இல்லாமல் போய்விட்டது. பொன்னையா குனிந்தபடி என் பக்கத்தில் வந்தார்.

“ஓடாத. சத்தம் போடாத. எல்லாரும் செடிக்கு அடியில படுங்க.” அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது. “ஜெயந்தினி, படு புள்ள. அது பறந்து போனதும் எடுத்துக்கலாம்.”

“அது போகாது கங்காணி. திங்க வந்திருக்கு.”

என் கையைப் பிடித்தார். உதறினேன். கூடையைக் கழற்றி வைத்தேன். நடக்கவில்லை, செடிக்கும் செடிக்கும் நடுவே தவழ்ந்துதான் ஏறினேன். வேகமாகப் போனால் செடி ஆடும். மெதுவாகப் போனால் நேரம் போகும். கவ்வாத்து வெட்டிய கட்டைகள் முழங்காலில் குத்தின. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. ஆத்திரம் முழுக்க வீரம்மா அத்தை மேல்தான். கிழவி, கண் அவிந்து போனவளே, கருடனுக்கும் பருந்துக்கும் பேதம் தெரியாதவளே, உன் கோழிபோல நீயும் கண்ட இடத்தில் என் பிள்ளையை உட்கார வைத்தாயே, இரு உனக்கு வைத்திருக்கிறேன் என்று வாய்க்குள்ளேயே பேச்சைக் கோத்துக்கொண்டு ஏறினேன். அந்தப் பேச்சு இல்லாவிட்டால் என் கைகால் நகர்ந்திருக்காது.

பாதி வழியில் அவளைப் பார்த்தேன். உச்சியில், மரத்துக்கு வலப்பக்கத்து நிரையில் குனிந்து கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். கீழே நடந்தது ஒன்றும் அவளுக்குத் தெரியாது. நான் தவழ்வதைப் பார்த்துச் சிரிக்கப் போனாள். அப்புறம் என் கண் போன இடத்தைப் பார்த்தாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

மரத்தடிக்கு வந்தேன். இரைச்சல் தலைக்கு மேலே இருந்தது. பாப்பா விழித்திருந்தாள். அழவில்லை. கைவிரலைச் சப்பிக்கொண்டு மேலே பார்த்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தாள். தொட்டில் துணியில், அவள் காதுக்குப் பக்கத்தில், ஒரு குளவி நடந்து போய்க்கொண்டிருந்தது. பாப்பா அதைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

நான் அந்தக் கையைப் பிடித்தேன். இன்னொரு கையை முதுகுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினேன். தலை வந்தது, உடம்பு வந்தது, கால் வரவில்லை. சேலை மடிப்பில் அவள் கால் சிக்கியிருந்தது. இழுத்தால் கிளை ஆடும். ஒற்றைக் கையால் மடிப்பைத் தடவித் தேடினேன். மாரியம்மா, மாரியம்மா என்று மனசுக்குள் கெஞ்சினேன். மடிப்பு விலகிக் கால் வெளியே வந்தது. அப்போதுதான் மேலே இருந்து றெக்கை அடித்தது.

பருந்து கூட்டின் மேல் விழுந்தது. கூட்டில் ஒரு பாளம் பிய்ந்து தொட்டிலுக்குள் பொத்தென்று விழுந்தது, பாப்பா கிடந்த அதே இடத்தில். குளவி கிளம்பி வெயில் கறுத்தது.

மரத்துக்குக் கீழே ஒரு கான் வெட்டியிருக்கிறார்கள், முழங்கால் ஆழம் இருக்கும். பாப்பாவோடு அதில் விழுந்தேன். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து அவள் தலையை மூடி, அவள் மேல் கவிழ்ந்து படுத்தேன். கெண்டைக்காலில் நெருப்பை வைத்த மாதிரி ஒன்று, இன்னொன்று, அப்புறம் எது எங்கே என்று தெரியவில்லை. கத்தக் கூடாது. உதறக் கூடாது. பல்லைக் கடித்தேன்.

திடீரென்று முதுகின் மேல் ஏதோ பாரமாக விழுந்தது. கிளை முறிந்துவிட்டது என்று நினைத்தேன்.

“அசையாதடி,” என்றது வீரம்மா அத்தையின் குரல் என் காதுக்குப் பின்னால். “நான் மேல இருக்கேன்.”

தன் கால்களால் என் கால்களை மூடினாள். தன் கையால் என் தலையை மூடினாள். அவளை மூட ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கொட்டுக்கும் அவள் உடம்பு தூக்கிப் போட்டது, அது என் முதுகில் தெரிந்தது. நான் அவளைத் திட்டக் கோத்து வைத்திருந்தது எல்லாம் தொண்டையில் நின்றது.

அப்போதுதான் வேறொரு பயம் வந்தது. பாப்பா சத்தம் போடவில்லை. அசையவும் இல்லை. எனக்குக் கீழே, படங்குக்குள்ளே, இரண்டு பேர் பாரத்துக்கு அடியில், மூச்சு இருக்கிறதா இல்லையா? தூக்கிப் பார்த்தால் குளவி உள்ளே போகும். பார்க்காவிட்டால் என் நெஞ்சாலேயே அவளை நான் கொன்றுவிடுவேன். குளவி கொட்டியதைவிட அந்த நேரம்தான் எனக்குப் பெரிய நரகம்.

“அத்த, பாப்பா நசுங்குது அத்த. மூச்சு இல்ல.”

“கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாதுடி.” அவளுக்கு நாக்கு தடித்திருந்தது. “முட்டிய ஊனிக்க. நெஞ்சக் கொஞ்சம் தூக்கு. நான் தாங்கிக்கறேன்.”

முட்டியை ஊன்றினேன். அவளும் கானின் இரண்டு பக்கமும் கையை ஊன்றித் தன் பாரத்தை என்மேல் இருந்து எடுத்தாள். நெஞ்சுக்கு அடியில் விரல் நுழையும் அளவு இடம் கிடைத்தது. இருட்டில் பாப்பாவின் முகத்தைத் தேடினேன். அதற்குள் அவள் என்னைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். ரவிக்கையோடு சேர்த்து மார்பைக் கவ்விச் சப்பினாள். என் வயிற்றில் பாலை வார்த்தாள் என் தங்கம். நான் அழுதேன். மேலே வீரம்மா அத்தை ஒவ்வொரு முறையும் துள்ளிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் துள்ளுவது குறைந்தது. பிறகு துள்ளவே இல்லை. ஆனால் ஊன்றிய கைகளை மட்டும் மடக்கவில்லை.

இசபெலும் கங்காணியும் ஈரப் படங்கைக் கொளுத்திப் புகை போட்டுக்கொண்டு வந்தார்கள். வீரம்மா அத்தையைத் தூக்கியபோது அவள் முதுகு, கழுத்து, காது எல்லாம் குளவியாக ஒட்டிக்கொண்டிருந்தது. இசபெல் தன் கையாலேயே அவற்றை வழித்துப் போட்டாள். நான் பாப்பாவை வெளியே எடுத்தேன். அவள் குதிகாலில் ஒரே ஒரு கொட்டு. வீறிட்டு அழுதாள்.

“அழுவுதா?” என்றாள் வீரம்மா அத்தை. கண் இரண்டும் மூடி வீங்கியிருந்தது.

“அழுவுறா அத்த.”

“அப்ப சரி.”

மரத்தைத் திரும்பிப் பார்த்தேன். பருந்து அதே காய்ந்த கொப்பில் உட்கார்ந்து, காலுக்கு அடியில் கூட்டுத் துண்டை வைத்துப் புழுவைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தது. அதற்கு எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.

கொழுந்து லொறியில், கொழுந்துச் சாக்குகளின் மேல் எங்களைப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எனக்கும் அத்தைக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். மறுநாள் பகலில் டொக்டர் வந்து பார்த்துவிட்டு, அவளுக்குச் சிறுநீர் இறங்கவே இல்லை, விஷம் உள்ளே போய்விட்டது என்று என்னிடம் சொன்னார். அவளுக்கு வேறு யாரும் வந்திருக்கவில்லை. நான் கால் வீக்கத்தோடு கட்டிலைப் பிடித்து நகர்ந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பாப்பா என் மடியில் இருந்தாள்.

“யாரு?”

“நான்தான் அத்த.”

உதடு வெடித்திருந்தது.

“கருடன்னு நெனச்சேன்டி. வெள்ளத் தலையப் பாத்து ஏமாந்துட்டேன். ஓம் புள்ளயக் கொண்டுபோய் நானே குளவி வாய்ல...”

ஏழாம் நம்பர் மலை முழுக்கத் தவழ்ந்து தவழ்ந்து நான் கோத்து வைத்த பேச்சு ஒன்று இருந்தது. ஒரு வார்த்தை மறக்கவில்லை. யார் தப்புச் செய்தாலும் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுவேன், என் பெற்ற தாயையும் விட்டதில்லை.

“கருடன்தான் அத்த,” என்றேன்.

“பொய் சொல்லாதடி.”

“நான் எப்ப ஒங்ககிட்ட முகத்துக்காகப் பேசியிருக்கேன்? கிட்டத்துல போய்ப் பாத்தது நானு. கருடாழ்வாருதான். பாப்பா காதுக்கிட்ட நின்ன குளவியக் கொத்தத்தான் எறங்கி வந்தாரு.”

அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவு வீக்கம். ஆனால் சேலைன் ஏறாத கை படுக்கையில் இருந்து எழும்பப் பார்த்தது, பாதியில் விழுந்தது. மறுபடி எழும்பப் பார்த்தது. எனக்குப் புரிந்தது. அந்தக் கையை எடுத்து அவள் கன்னத்தில் தொட வைத்தேன். பிறகு மறு கன்னத்தில். பாப்பா அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அத்தை கேட்டாள், தலையைத் திருப்பினாள். சாயந்தரம் ஆவதற்குள் அடங்கிவிட்டாள்.

பிள்ளைக்காம்பராவைத் திறந்துவிட்டார்கள். நான் மலைக்குப் போகிறேன். மரத்தில் எது உட்கார்ந்தாலும் நிரையில் ஒருத்தரும் கன்னத்தில் போடுவதில்லை, முதலில் அதற்குக் கீழே என்ன தொங்குகிறது என்றுதான் பார்க்கிறோம். வீரம்மா அத்தையின் கோழிகளுக்கு நான்தான் தீனி வைக்கிறேன். பொழுது சாய்ந்ததும் அவை என் விறகின் மேல் ஏறி றெக்கையை அடித்துக்கொண்டு உட்காரும். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு எது வாசல், எது மலை என்று தெரிவதில்லை. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, பாப்பாவை இழுத்துத் தரையில் கிடத்தி, அவள் மேல் கவிழ்ந்து படுத்துவிடுகிறேன். என் முதுகின் மேல் வந்து விழத்தான் யாரும் இல்லை.